அம்மாச்சி என்ன கலர்?

ரா ஃபைலில் படம் எடுக்கிற எல்லாருக்கும் அந்த ஒரு நொடி தெரியும். கார்டிலிருந்து படத்தை லேப்டாப்பில் இறக்கி எடிட்டரில் திறக்கிறோம். படம் வந்து நிற்கிறது. நல்லாத்தான் இருக்கு. பிறகு யாரோ உள்ளே சுவிட்சைத் தட்டியதுபோல மொத்தப் படமும் மாறுகிறது. சேலையின் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் நகர்கிறது. வானம் வேறு வானமாகிறது. நாம் எதையும் தொடவில்லை, மவுஸைக்கூட அசைக்கவில்லை.

காரணம் எளிமையானது. முதலில் தெரிந்தது, கேமரா தானே தயாரித்து ரா ஃபைலுக்குள் செருகி வைத்திருக்கும் ஜேபெக் பிரிவ்யூ. இரண்டாவதாக வந்தது, அதே ரா தரவை எடுத்து எடிட்டர் தன் கணக்குப்படி புதிதாகச் சமைத்தது. இரண்டும் ஒரே வெளிச்சம், ஒரே சென்சார், ஒரே எண்கள். ஆனால் நிறம் வேறு. நானும் பல வருஷம் இதைக் கவனித்துவிட்டு அப்படியே ஸ்லைடர்களுக்குப் போய்விடுகிறவனாகத்தான் இருந்தேன். அம்மாச்சி படத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

அம்மாச்சி இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்குள் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அம்மா கேட்டாள். தை மாதம் எடுத்த ஒன்று என்னிடம் இருந்தது. வேப்பமரத்தடியில் நாலு மணி வெளிச்சத்தில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற படம். அம்மாச்சி நல்ல கறுப்பு. படத்தைத் திறந்தேன். ஒரு நொடி அம்மாச்சி இருந்தாள். அடுத்த நொடி, முகத்தில் செம்மண் பூசிய மாதிரி ஒரு கிழவி. பின்னால் நின்ற அம்மா, "என்னடா, அம்மாச்சி இப்படிச் செவந்து போச்சு?" என்றாள். வேறொரு எடிட்டரில் திறந்தேன். "இது சாம்பல் பூத்தாப்ல இருக்கு." மூன்றாவதில் திறந்தபோது அம்மா ஒன்றுமே சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

(எந்தக் கேமரா, எந்த மூன்று எடிட்டர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் கட்டுரையை விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் சண்டை நடக்கும்.)

எது சரி என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் உட்கார்ந்தேன். மூன்றில் ஒன்று உண்மையாக இருக்கும், மற்ற இரண்டும் தப்பு செய்திருக்கும் என்று நம்பினேன். ரா என்றால் பச்சை, கலப்படமில்லாதது என்றுதானே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். யூடியூபில் எல்லாரும் சொல்வது அதுதான்: ஜேபெக் சமைத்த சோறு, ரா அரிசி. இந்த உவமையில் ஒரு பிழை இருக்கிறது. அரிசியைப் பார்த்தால் அரிசி என்று தெரியும். ரா ஃபைலை யாரும் பார்த்ததே இல்லை. பார்க்கவும் முடியாது.

சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் எண்ணுகிறது. 14 பிட் கேமராவில் அந்த எண் 0 முதல் 16,383 வரை ஏதோ ஒன்று. பிக்சல்களின் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று கண்ணாடித்துண்டு போன்ற வடிகட்டிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. நாலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயருக்கு இந்த அமைப்புக்காக 1976இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை அதே ஏற்பாடுதான். ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்றில் ஒரு நிறத்தின் அளவுதான் தெரியும், மற்ற இரண்டையும் பக்கத்துப் பிக்சல்களைக் கேட்டு ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் முடிந்த பிறகும் கையில் இருப்பது மூன்று எண்கள்தான், நிறம் இல்லை. அப்படியே திரையில் போட்டால் இருட்டாக, பச்சையாக, பாசி பிடித்த தொட்டிபோல ஏதோ தெரியும்.

எனக்கு இது ஓலைச்சுவடியைத்தான் ஞாபகப்படுத்தியது. பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கு, ஒகர ஓகாரத்துக்கு வித்தியாசம் இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ஓலையில் எழுத்து இருக்கிறது, ஆனால் அது என்ன சொல் என்பதை வாசிக்கிறவர் முடிவுசெய்ய வேண்டும். நம் கையில் இருக்கிற சங்க நூல் எதுவும் ஓலை இல்லை. ஒரு பதிப்பாசிரியர் ஓலையை வாசித்த வாசிப்பு. ரா ஃபைல் ஓலை என்றால் எடிட்டர்தான் பதிப்பாசிரியர். நாம் பார்க்கிறது எப்போதும் ஒரு பதிப்பைத்தான்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் குறை வேறு. உ.வே.சா. பல சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்து, மற்ற பாடங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார். தான் தேர்ந்ததுதான் மூலம் என்று நம்மிடம் சத்தியம் செய்யவில்லை. ரா எடிட்டர்களின் பதிப்பில் அடிக்குறிப்பு கிடையாது. படம் வந்து நிற்கும். அதுதான் படம் என்று நாம் நம்ப வேண்டும்.

எங்கெங்கே முடிவெடுக்கிறார்கள் என்று தேடினேன். முதல் இடம் ஒன்பது எண்கள். கேமராவின் மூன்று எண்களை மனிதக் கண்ணின் நிறமாக மாற்ற மூன்றுக்கு மூன்று என ஒரு அணி உண்டு. பள்ளிக்கூடத்தில் போட்ட அதே மேட்ரிக்ஸ் பெருக்கல். கேமராவின் வடிகட்டிகள் கண்ணின் கூம்புச் செல்களைப் போலவே வெளிச்சத்தைப் பிரித்திருந்தால் இந்தப் பெருக்கல் துல்லியமாக வேலை செய்திருக்கும். எந்தக் கேமராவிலும் அப்படி இல்லை. நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு சாயங்கள் கேமராவுக்கு வேறுவேறாகத் தெரியலாம். நமக்கு வேறாகத் தெரிகிறவை அதற்கு ஒன்றாகிவிடலாம். அதனால் அந்த ஒன்பது எண்கள் ஒரு சமரசம். ஒரு நிறத்தைச் சரிசெய்தால் இன்னொன்று கொஞ்சம் கெடும். எந்த நிறம் சரியாக இருக்க வேண்டும், எது கெட்டாலும் பரவாயில்லை என்று யாரோ ஒருவர் தீர்மானிக்கத்தான் வேண்டும்.

அந்தத் தீர்மானத்துக்கு வழக்கமாகப் பயன்படுவது 24 கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டை. 1976இல் வந்தது. அதன் முதல் கட்டத்தின் பெயர் கறுத்த தோல், இரண்டாவது வெளுத்த தோல். உலகத்தில் இருக்கிற அத்தனை மனிதருக்கும் சேர்த்து இரண்டு கட்டம். நண்பரிடம் அந்த அட்டையை இரவல் வாங்கி என் கை அருகில் வைத்துப் பார்த்தேன். கறுத்த தோல் என்று அவர்கள் சொல்கிற கட்டம் என் முழங்கையைவிட வெளுப்பு. நான் எங்கள் வீட்டில் மாநிறம்.

இன்னொரு சுவாரசியமான விஷயம் கிடைத்தது. பெரிய கம்பெனி மென்பொருளை நம்பாமல் டார்க்டேபிள், ராதெரபி மாதிரி சுதந்திர மென்பொருள்களுக்குப் போகலாமே என்று நினைத்தேன். இவற்றுக்கெல்லாம் ஒருவகையில் தாத்தா என்று டிசிராவைச் சொல்லலாம். டேவ் காஃபின் என்ற தனிமனிதர் 1997இல் எழுத ஆரம்பித்த நிரல் அது. கம்பெனிகள் மூடிவைத்த ரா வடிவங்களை ஒவ்வொன்றாக உடைத்துத் திறந்தார். 2005இல் நிக்கான் வொயிட் பேலன்ஸ் தகவலையே பூட்டிவைத்தபோது அதையும் திறந்தது இவர்தான். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் அந்த நிரலில் கேமராக்களுக்கான நிற எண்கள் இருக்கிற பகுதியின் பெயரிலேயே அடோபி இருக்கிறது. வேறு மாதிரி குறிப்பிடாதவரை எல்லா அணிகளும் அடோபியின் டிஎன்ஜி மாற்றியிலிருந்து வந்தவை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த எண்கள் அங்கிருந்து பல மென்பொருள்களுக்குப் போயிருக்கின்றன. ஆக, மூன்று எடிட்டரில் திறந்து மூன்று சுவடிகளை ஒப்பிடுகிறேன் என்று நான் நினைத்தது பாதிதான் உண்மை. சில இடங்களில் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய பிரதிகளைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் ஏன் ஒன்றில் செம்மண், இன்னொன்றில் சாம்பல்? அங்கேதான் இரண்டாவது இடம் வருகிறது. எனக்கு இதுதான் மையமான இடம் என்று படுகிறது. கர்வ்.

சென்சாரின் எண்களை நிறமாக்கிய பிறகும் படம் சோகையாகத்தான் இருக்கும். அதற்குக் கான்ட்ராஸ்ட் ஏற்ற ஒரு வளைவைப் போடுகிறார்கள். நிழலை அழுத்தி, நடுவைத் தூக்கி, உச்சியில் மெல்லப் படியவிடுகிற வளைவு. ஆங்கில எஸ் எழுத்தைப் படுக்கப்போட்டு இழுத்த மாதிரி. இந்த உருவம் டிஜிட்டலில் பிறந்ததல்ல, ஃபிலிமின் உருவம். ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் 1890இலேயே ஃபிலிம் வெளிச்சத்துக்கு இப்படித்தான் பதில் சொல்கிறது என்று வரைந்து காட்டிவிட்டார்கள். நூறு வருஷம் அந்த வளைவில் உலகத்தைப் பார்த்துப் பழகியதால், அது இல்லாத படம் நமக்குப் படமாகவே தெரிவதில்லை.

இந்த வளைவு எல்லாத் தோலையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. தோல் எந்த நிறமாக இருந்தாலும் அதில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. கறுத்த தோல் வளைவின் அடிப்பகுதியில், நிழல் பக்கம் வந்து விழுகிறது. அங்கே வளைவு செங்குத்து. வளைவை மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகப் போட்டால், குறைவாக இருக்கிற நீலம் கூடுதலாக அமுங்கும். உதாரணத்துக்கு, சிவப்பு நீலத்தைப்போல 2 மடங்கு இருந்தால் அது இரண்டரை மடங்காகிவிடும். அதாவது நிறம் செறிந்து, சிவந்து, கனக்கிறது. வெளுத்த தோலோ வளைவின் மேல்பகுதியில், படிகிற இடத்தில் இருக்கிறது. அங்கே ஒன்றரை மடங்கு வித்தியாசம் ஒன்றேகால் ஆகிறது. நிறம் இளகுகிறது, வழவழப்பாகிறது, திட்டுகள் மறைகின்றன. ஒரே வளைவு, ஒரே கணக்கு. ஒருத்திக்கு அது பவுடர் பூசுகிறது, இன்னொருத்திக்குச் செம்மண் பூசுகிறது.

இதை மென்பொருள் எழுதுகிறவர்கள் அறியாமல் இல்லை. அடோபியின் வளைவு சாயல் திரும்பிவிடாமல் காக்கிற மாதிரி அமைந்தது. ஆனால் செறிவு கூடுவதை அதுவும் தடுப்பதில்லை. ராதெரபியில் வளைவை எப்படிப் போட வேண்டும் என்று ஐந்தாறு முறைகள் பட்டியலாகவே இருக்கின்றன. ஃபிலிம் மாதிரி, ஒளிர்வு மட்டும், கண்ணுக்கு ஒத்தபடி என்று. ஒவ்வொன்றிலும் அம்மாச்சியின் நெற்றி வேறு நிறம். பாடபேதத்தை அருகருகே வைத்துக் காட்டுகிற மென்பொருளை நான் கண்டது அங்கேதான். மற்றவற்றைவிட அதை மதிக்கக் காரணம் இதுதான், அதன் முகப்பு ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருந்தாலும்.

கோடாக்கின் ஷர்லி அட்டை கதையை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். 1950களிலிருந்து ஸ்டுடியோ லேப்களுக்கு அனுப்பப்பட்ட, வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் அச்சிட்ட அளவுகோல் படம். அவள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. பல நிறத்துப் பெண்கள் உள்ள அட்டை 1990களில்தான் வந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் டிஜிட்டல் வந்து அது தீர்ந்துவிட்டது என்ற தொனியில் முடிக்கிறார்கள். ரசாயனம் போய்விட்டது, சரிதான். வளைவு போகவில்லை. அது ஒரு அழகுணர்ச்சியாக, இப்படி இருந்தால்தான் படம் என்கிற பழக்கமாக, மென்பொருளுக்குள் குடிவந்துவிட்டது. 2021இல் கூகுள் தன் போனில் ரியல் டோன் என்ற பெயரில் கறுத்த தோலுக்காகத் தனியாக உழைக்க வேண்டியிருந்ததே, பிரச்சினை தீர்ந்திருந்தால் எதற்காக?

மூன்றாவது முடிவு, ப்ரொஃபைல். லைட்ரூமில் 2018 ஏப்ரல் வரை இயல்பாக வந்தது அடோபி ஸ்டாண்டர்டு. அதன் பிறகு புதிதாக இறக்கும் படங்களுக்கு அடோபி கலர். வெதுவெதுப்பான நிறங்களைக் கூடுதல் அழகாக்குகிறது, கான்ட்ராஸ்ட் ஒரு பிடி கூடுதல் என்று அவர்களே சொன்னார்கள். அதாவது 2018 மார்ச்சில் இறக்கிய முகமும் மே மாதம் இறக்கிய முகமும் வேறுவேறு நிறத்தில் ஆரம்பிக்கின்றன. புது ரசனை, புதுப் பதிப்பு. அந்த ப்ரொஃபைல் கோப்பைத் திறந்து உள்ளே இருக்கிற எண்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதன் வடிவம் பொதுவில் இருக்கிறது. இந்த ஆரஞ்சை ஏன் இத்தனை பாகை திருப்பினீர்கள் என்பதற்கு மட்டும் கோப்பில் பதில் இருக்காது.

இந்த விஷயத்தில் ஃபுஜிஃபிலிமை எனக்குப் பிடிக்கும். அவர்கள் உண்மை என்று எதையும் விற்பதில்லை. ப்ரோவியா, வெல்வியா, ஆஸ்டியா என்று தங்கள் பழைய ஃபிலிம்களின் பெயரை வைத்து, 2014இல் கிளாசிக் க்ரோம், 2019இல் கிளாசிக் நெக் என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். வெல்வியாவில் எடுத்தால் இலை எல்லாம் கத்தும் என்று எடுக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரியும். இது இந்தப் பள்ளியின் வாசிப்பு என்று அட்டையிலேயே போட்டுவிட்ட பதிப்பு. ஸ்டாண்டர்டு, நேச்சுரல், நியூட்ரல் என்கிற பெயர்கள்தான் எனக்கு உறுத்துகின்றன.

மற்றபடி, கேனான் தோல் நிறத்துக்கு நல்லது, சோனி பச்சையடிக்கும், நிக்கான் மஞ்சளடிக்கும் என்று கலர் சயின்ஸ் பேரில் நடக்கிற சண்டைகளில் பெரும்பகுதி பதிப்புகளைப் பற்றிய சண்டை, ஓலையைப் பற்றியதல்ல. ஒரே அட்டையை வைத்து, ஒரே முறையில் இரண்டு கேமராவுக்கும் ப்ரொஃபைல் தயாரித்துப் பார்த்தால் வித்தியாசத்தில் பெரும்பங்கு காணாமல் போகும். எல்லாம் போகாது. ஊதாவுக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட பூக்கள், கல்யாண மண்டபத்து நீல எல்இடி, சில செயற்கைச் சாயங்கள் இங்கெல்லாம் சென்சார் நிஜமாகவே வேறாகப் பார்க்கிறது. 2006இல் வந்த லைக்கா எம்8 இதற்கு நல்ல உதாரணம். அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கிற வடிகட்டி மெலிதாக இருந்ததால், கறுப்புச் செயற்கைத் துணிகள் அதில் ஊதாவாக விழுந்தன. அதை எந்த ப்ரொஃபைலாலும் முழுசாகத் திருத்த முடியவில்லை. வாங்கியவர்களுக்கு லென்ஸில் மாட்ட இரண்டு வடிகட்டிகளைக் கம்பெனியே இலவசமாகக் கொடுத்தது. ஓலையே செல்லரித்திருந்தால் பதிப்பாசிரியர் என்ன செய்வார்?

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு நான் செய்தது ரொம்பச் சாதாரணமான ஒரு தப்பு. வளைவு இல்லாத, அளவீட்டுக்கு நெருக்கமான ஒரு ப்ரொஃபைலைப் போட்டு, வேப்பிலையின் பச்சை வெளிச்சத்தை வொயிட் பேலன்ஸால் கழித்து, எண்படி மிகச் சரியான ஒரு அம்மாச்சியைத் தயாரித்தேன். பெருமையாக அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "பசலை பிடிச்ச மாதிரி இருக்குடா," என்றாள்.

அம்மா தமிழ் டீச்சர். இந்த மாதிரி சமயத்தில் சங்கப்பாட்டு வந்துவிடும். மாமை என்பது மாந்தளிரின் நிறம், தலைவியின் இயல்பான மேனி. பிரிவில் அதன்மேல் படர்கிற வெளிறல் பசலை, பீர்க்கம்பூ மாதிரி. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழியில்தான் இன்று கலரா இருக்கா என்றால் வெளுப்பா இருக்கா என்று அர்த்தம், சிவப்பா இருக்கா என்றாலும் அதே அர்த்தம். மென்பொருளைத் திட்டுகிற உற்சாகத்தில் இதை மறந்துவிடக் கூடாது. கர்வ் அங்கிருந்து வந்தது, சரி. ஊர் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பத்துக்குப் பெண்ணின் முகத்தை மட்டும் தனியாகச் செலக்ட் செய்து வெளுக்கிற கையை யாரும் அங்கிருந்து அனுப்பவில்லை.

"அப்ப எப்படித்தான் இருக்கணும்?" என்று எரிச்சலோடு கேட்டேன். அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து மூக்குத்திக்குப் பக்கத்தில், கன்னத்து எலும்பின் மேல் விரலை வைத்தாள். "இங்க. இங்க நீலமா மின்னும். எண்ணெய் தேய்ச்சு உக்காந்திருக்கும்போது பார்த்ததில்லையா நீ?"

பார்த்திருக்கிறேன். வெளுத்த தோல் தன்மேல் விழுந்த வெளிச்சத்தில் நிறையவற்றை உள்வாங்கிச் சிதறடித்துத் தன் நிறத்தோடு திருப்பித் தருகிறது. அதன் பரப்பில் நேராகப் பட்டுத் தெறிக்கும் ஒளி அந்தப் பிரகாசத்தில் கரைந்துவிடும். கறுத்த தோலில் சிதறல் குறைவு. அதனால் பரப்பில் தெறிக்கிற ஒளி தனியாகத் துலங்கும், அந்த ஒளிக்கு வானத்தின் நிறமோ இலையின் நிறமோ அப்படியே இருக்கும். வேப்பமர இடைவெளியில் தெரிந்த வானம்தான் அம்மாச்சியின் கன்னத்தில் நீலமாக உட்கார்ந்திருந்தது. நான் செய்த வொயிட் பேலன்ஸ் அதைத்தான் அழுக்கு என்று துடைத்துவிட்டிருந்தது. வளைவு போட்ட முதல் பதிப்பு அதைச் சிவப்பில் மூழ்கடித்திருந்தது. கேமராவின் ஜேபெக்கில், அந்த ஒரு நொடியில், கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது போல. அதனால்தான் அம்மாச்சி இருந்தாள் என்று எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

வொயிட் பேலன்ஸைத் திருப்பி வைத்தேன். வளைவை ஒளிர்வுக்கு மட்டும் போட்டேன். நிழல் பக்கத்தில் செறிவைக் குறைத்து, கன்னத்திலும் புறங்கையிலும் நீலத்தை விட்டுவிட்டேன். சேலையின் மாம்பழ மஞ்சள் இதில் கொஞ்சம் பச்சையடித்தது. விட்டுவிட்டேன். அட்டையை வைத்து அளந்தால் இது நான் தயாரித்த ஏழு பதிப்புகளில் நாலாவதோ ஐந்தாவதோதான் வரும். அம்மா பார்த்துவிட்டு, "ம்," என்றாள். மற்ற ஆறையும் அழிக்காமல் அதே ஃபோல்டரில், எதை எதில் எப்படிச் செய்தேன் என்ற குறிப்போடு வைத்திருக்கிறேன்.

லேபில் கொடுக்கும்போது கலர் கரெக்‌ஷன் செய்ய வேண்டாம் என்று கவரின் மேல் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை வாயாலும் சொன்னேன். காரியத்தன்று மாலை போட்டு மாட்டினோம். டியூப்லைட் வெளிச்சத்தில் அது வேறு ஒரு படமாக இருந்தது. பகலில் ஜன்னலைத் திறந்தால் பரவாயில்லை. மாமா கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்று பார்த்தார். பிறகு என் தோளில் கைபோட்டு, "படம் நல்லாருக்கு மாப்ள," என்றார். "இன்னும் கொஞ்சம் கலராப் போட்டிருக்கலாம்ல?"